பத்தாவது தலை

"பத்து தலை இருந்தா பள்ளிக்கூடம். இல்லேன்னா இன்னிக்கே பூட்டு!" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தார் ஜெயராஜ்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த அருணா திரும்பிப் பார்த்தாள். அந்தத் தொடக்கப் பள்ளியில் அவள் டீச்சராகச் சேர்ந்து இரண்டே வாரம்தான் ஆகிறது. மொத்தமே ஒன்பது பிள்ளைகள். இதை மூடினால், தொழிற்பேட்டைக்கு கன்டெய்னர் லாரிகள் பறக்கிற மெயின் ரோட்டைத் தாண்டித்தான் அத்தனை வாண்டுகளும் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

"யாரு மேடம் இவரு?" என்று தலைமையாசிரியை விக்டோரியாவின் காதில் கிசுகிசுத்தாள்.

"ஆபீஸர். தலை எண்ண வந்திருக்காரு. நீ வாயத் தொறக்காத."

ஆபீஸர் என்றால் ஜீப்பில் வர மாட்டாரோ? இவர் கவரைப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். வருகைப் பதிவெல்லாம் தினமும் செல்போனில் போய்விடுகிறது. இவரோ நாலாக மடித்த பழைய தாள் ஒன்றைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். திடீர் சோதனையாக இருக்கும் என்று அருணா நினைத்துக்கொண்டாள். பயந்தவளுக்கு அதற்குமேல் யோசனை எங்கே ஓடும்!

அவர் ஒவ்வொரு தலையாகத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். அப்போதும் ஒன்பதுதான்.

"ஒண்ணு கொறையுதேம்மா. நிதி இல்ல, நிதி இல்லன்னு மேல கத்தறாங்க. ஒன்பது பேருக்கு ரெண்டு டீச்சரு, ஒரு சமையல்காரம்மா, கரண்டு பில்லு... நான் இன்னான்னு எழுதறது?"

ஜெயராஜ் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஒண்ணாங்கிளாஸ்... சுமலதா!"

அருணா திடுக்கிட்டாள். ஒன்றாம் வகுப்பில் இருப்பது அன்புசெல்வன் ஒருவன்தான். சுமலதா என்று இந்தப் பள்ளியில் யாருமே இல்லை. தொலைந்தது, மனுஷன் ஒன்பது என்று எழுதிவிட்டுப் போகப்போகிறார்!

"உள்ளேன் ஐயா!"

கீச்சென்ற சின்னக் குரல். ஆனால் ஒரு பிள்ளையும் வாயைத் திறக்கவில்லை, அருணா பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பட்டப்பகல் பதினொரு மணிக்கு அவள் கை ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது.

ஜெயராஜ் குரல் வந்த பக்கம் திரும்பவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"பத்து. பத்து பேரு இருக்காங்கம்மா. மூட வேண்டியதில்ல."

தாளில் எழுதி, மடித்து வைத்துக்கொண்டார். விக்டோரியாவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது.

ஆட்டோ சத்தம் மறைந்ததும் அருணா வெடித்தாள்.

"இன்னா மேடம் இது? இல்லாத பொண்ணுக்கு யாரு குரல் குடுத்தது? எனக்குக் கொல நடுங்குது! விஷயம் வெளிய தெரிஞ்சா நம்ம வேலயும் போயிடும், பள்ளிக்கூடமும் போயிடும்."

"ஒண்ணும் போவாது. அவரு ரிடையராகி மூணு வருஷம் ஆவுது" என்றார் விக்டோரியா.

அருணா ஜன்னல் வழியாக ஆட்டோ போன திசையைப் பார்த்தாள்.

"அவரு வேலயில இருந்தப்ப இங்க பத்துப் புள்ளைங்க. அவரு எண்ண வந்த அன்னிக்கி சுமலதா வரல. நாளைக்கி வந்துடுவா சார்னு கெஞ்சினேன். கண்ணால பாத்தததான் எழுதுவேன்னு ஒன்பதுன்னு எழுதிக்கினு போனாரு. பள்ளிக்கூடத்த மூடிட்டாங்க. ரோட்டத் தாண்டிப் போன மொத வாரமே அந்தப் புள்ள லாரியில மாட்டி செத்துப்போச்சு. ஊரே ரோட்ல உக்காந்ததுக்கு அப்புறந்தான் மறுபடி தொறந்தாங்க. வருஷா வருஷம் அதே தேதிக்கி வந்துடறாரு. பத்துன்னு எழுதினாத்தான் ஊட்டுக்குப் போறாரு."

பாவி என்று திட்டுவதா, ஐயோ பாவம் என்பதா? அருணாவுக்குத் தெரியவில்லை.

"அப்ப அந்தக் குரலு?"

"நான்தான் டீச்சர்." வாசலில் நின்றாள் அஞ்சம்மாள், பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். முந்தானையில் கையைத் துடைத்தபடி சமையல் கொட்டகையிலிருந்து வந்திருந்தாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேஷம்? ஒரு புள்ளயக் கொன்ன பாவம் அந்தாளு தலையிலயே இருக்கட்டுமே!"

அஞ்சம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னிக்கி லேசா ஒடம்பு சுட்டுச்சுன்னு எம் பொண்ண ஊட்டோட நிறுத்திக்கினது நான்தான டீச்சர்."