எல்வின் வீட்டு ஓட்டு

"உன் வீட்டுக்காரியோட பிறந்த சர்டிபிகேட்ல பேரு துப்புயின்னு இருக்கு. லைசென்ஸ்ல சாயர்னு இருக்கு. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நான் எப்படி எடுத்துக்கறது, எல்வின்?"

வினிஃப்ரெட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு கேட்டார். நியூ ஹாம்ப்ஷயரின் அந்தச் சின்ன ஊரில் அன்று ஊர்த் தேர்தல். புதிதாக ஓட்டுரிமை கேட்டு வருபவர்களைப் பதிவு செய்யும் மேஜை அவர் பொறுப்பு.

"போன அக்டோபர்ல எங்க கல்யாணத்துக்கு வந்து ரெண்டு துண்டு கேக் சாப்பிட்டியே, வினி. பத்தாதா?"

"கேக்கெல்லாம் கணக்குல வராது. குடியுரிமைக்கு ஆதாரம் காட்டாதவங்களுக்கு ஓட்டு இல்லைன்னு சட்டம் வந்தப்போ, இதே ஹால்ல எழுந்து நின்னு கை தட்டினது யாரு?"

"நான்தான்," என்றார் எல்வின், தரையைப் பார்த்தபடி.

"யாரோ எங்கிருந்தோ வந்து கள்ள ஓட்டுப் போட்டுடுவாங்கன்னு கை தட்டினாரு. மாட்டினது வீட்டுக்காரி," என்றார் பக்கத்தில் நின்ற க்ளோடெட். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் கணவர் இறந்தபின் வெர்மான்டில் தனியாக இருந்தவர், எல்வினைக் கல்யாணம் செய்துகொண்டு இந்த ஊருக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

எல்வின் இருபது வருஷத்துக்கு மேலாக ஊரின் சாலைப் பொறுப்பாளர். பனி கொட்டினால் தள்ளுவதும், மார்ச் சேற்றில் சரளை கொட்டுவதும் அவர் வேலை. அதற்கும் தேர்தல் உண்டு. இதுவரை யாரும் எதிர்த்து நின்றதில்லை. இந்த முறை நிற்கிறான் ட்ரெவர், வினிஃப்ரெட்டின் தம்பி மகன். ஒன்றிரண்டு ஓட்டில்தான் முடிவு இருக்கும் என்று வாசலில் டோனட் விற்கிறவர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள். அதனால் அன்றைக்கு அத்தைக்குச் சட்டம் மேப்பிள் பாகு மாதிரி இனித்தது.

எல்வின் வீட்டுக்கு ஓடினார். ஊர் ரோட்டையெல்லாம் சரிசெய்துவிட்டுத் தன் வீட்டு ரோட்டைக் கடைசியில் பார்க்கலாம் என்று விட்டிருந்த புண்ணியத்தில், லாரி கதவு வரை சேறு. திரும்பி வந்து கல்யாண சர்டிபிகேட்டை நீட்டினார்.

வினிஃப்ரெட் நிதானமாகப் படித்தார். "இதுல பெல்லட்டியேங்கற பேரு சாயர்னு ஆனதுக்கு ஆதாரம் இருக்கு. துப்புயி எப்போ பெல்லட்டியே ஆனாங்க?"

"முதல் கல்யாணத்துல," என்றார் க்ளோடெட்.

"அந்த சர்டிபிகேட்டும் வேணும். நான் என்ன செய்யட்டும், எழுதி வச்சிருக்கறது அப்படி."

"ஆம்பளைங்களுக்கு இந்தத் தொல்லையே இல்ல பாருங்க," என்றார் க்ளோடெட். "பிறந்த பேரோடயே போய்ச் சேர்ந்துடறாங்க."

வினிஃப்ரெட்டுக்கும் அது சுருக்கென்றது. அவரும் பெயர் மாற்றிக்கொண்டவர்தானே. ஆனாலும் காகிதத்தைத் திருப்பி நீட்டிவிட்டார்.

க்ளோடெட் கணவரின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "விடு எல்வின். அடுத்த வருஷம் போட்டுக்கறேன். இதுக்குப் போய் இவ்வளவு அலைச்சலா? அதுவும் நீ?"

"கை தட்டினது நான். அலையறதும் நானாவே இருக்கட்டும். அது எங்க இருக்கு, சொல்லு."

இறந்துபோன முதல் கணவர் ரேயின் பேச்சை எடுக்க க்ளோடெட் கொஞ்சம் தயங்கினார். "ரே கூட எடுத்த கல்யாண போட்டோ இருக்குல்ல. அந்த ஃப்ரேமுக்குப் பின்னாடி செருகி வச்சிருக்கேன்."

ஓட்டுப்பதிவு முடிய அரைமணி கூட இல்லாதபோது எல்வின் மூச்சிரைக்க வந்தார். தொடை வரை சேறு.

"லாரி நடு வழியில புதைஞ்சிடுச்சு. நம்ம ட்ரெவர்தான் டிராக்டரைக் கட்டி இழுத்து விட்டான்."

"எதுக்கு அவசரம்னு கேட்டானா?" என்றார் வினிஃப்ரெட்.

"கேட்டான். க்ளோடெட் ஓட்டுக்குன்னேன். நல்லதுன்னு சொல்லிட்டு இழுத்தான்."

வினிஃப்ரெட் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்க குடும்பத்துல போய் இப்படி ஒரு அசடு."

எல்வின் சட்டைக்குள்ளிருந்து முதல் கல்யாண சர்டிபிகேட்டை எடுத்தார். ஒரு சொட்டுச் சேறு அதில் படவில்லை. மனைவியிடம் மெல்லச் சொன்னார்: "போட்டோவைக் கழற்றும்போது ரேகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிட்டேன். அவன் முறைக்கல."

க்ளோடெட்டுக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்வினின் கன்னத்துச் சேற்றைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். அந்த மனுஷன்மேல் அவருக்கு அன்று வந்த பிரியத்துக்கு அளவே இல்லை.

மூன்று பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று வினிஃப்ரெட் ஒருவழியாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். க்ளோடெட் வாக்குச்சீட்டோடு திரைக்குப் பின்னால் போனார். எல்வின் அங்கேயே மடக்கு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து ஒரு டோனட்டைக் கடித்தார்.

"ஒத்த ஓட்டுக்கு நாள் முழுக்க நாயா அலைஞ்சிட்டியே, எல்வின்," என்றார் வினிஃப்ரெட். கோபம் போய்க் கொஞ்சம் பொறாமைகூட வந்திருந்தது. "சரி, நீ கெட்டிக்காரன். என் கண்ணு முன்னாடியே உனக்கு ஒரு ஓட்டு சேர்த்துக்கிட்ட."

"எனக்கா?" எல்வின் திரையைப் பார்த்துப் புன்னகைத்தார். "என்னைப் பனியில அனுப்பிட்டு இன்னொரு வருஷம் ராத்திரியெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்க முடியாதாம். அவ ஓட்டு உன் ட்ரெவருக்குத்தான்னு, காலையில முட்டை பொரிக்கும்போதே சொல்லிட்டா."