ஒரு ஓட்டைகூட இல்லை

தாராவியில் ஜமாலும் அவர் மனைவி நஸீராவும் நடத்தும் தோல்பைப் பட்டறைக்கு, கம்ப்யூட்டர் பாதுகாப்பை ஆடிட் செய்ய செம்பூரிலிருந்து ரெபேக்கா வந்திருந்தாள். மூன்று மணி நேரம் தன் லேப்டாப்பிலிருந்து அவர்களுடைய லினக்ஸ் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடப் பார்த்தாள்.

"அட்டகாசம் அங்கிள். ஒரு ஓட்டைகூட இல்ல."

ஜமாலின் முகம் சுருங்கியது. "சின்னதாக்கூட இல்லியா? நல்லாப் பாருங்கம்மா."

"எல்லா வழியும் மூடிக் கிடக்கு. லினக்ஸோட வந்த டீஃபால்ட் செட்டிங் எதையும் நீங்க தொடவே இல்ல. அதான் காப்பாத்துது."

நஸீரா இன்னொரு கீமா சமோசாவைத் தட்டில் வைத்தாள். "தின்னுட்டுத் தெம்பா இன்னொருக்க பாருங்க. ஹார்ட் டிஸ்கைக் கழட்டுனா?"

"அதுக்கும் பூட்டு. பாஸ்வேர்டு இல்லாம எந்தத் திருடனும் ஒரு ஃபைலைக்கூடப் பார்க்க முடியாது."

ரெபேக்கா உற்சாகம் தாங்காமல் நூற்றுக்கு நூறு போட்டாள். "இதுவரைக்கும் யாருக்கும் நான் நூறு குடுத்ததில்ல. நீங்க ஏன் இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?"

"ரம்ஜான் ஆர்டருக்கு வரைஞ்ச டிசைன் பூரா அதுக்குள்ளதான் கெடக்கு" என்றார் ஜமால். "பாஸ்வேர்டை மறந்துட்டுப் பத்து நாளா முழிக்கோம். ஆடிட்டுக்குக் கூப்பிட்டதே, நீங்க எப்படியும் உடைச்சு உள்ள போயிருவியன்னுதாம்மா."