முதலில் இறங்குபவள்

ஜப்பானில், எங்கள் ஒகாயாமாவில் ஒரே தொட்டி வெந்நீரில்தான் வீடே குளிக்கும். அந்த வீட்டில் மாமியார் தொமிகோ முதலில். பிறகு அவள் மகன். கடைசியில், ஆறிப்போன அழுக்கு நீரில் மருமகள் சிஹாரு. பதினோரு வருடமாக இதுதான் முறை.

தொட்டி நீருக்குள் பொடிக் காற்றுக்குமிழிகள் விடும் நுண்குமிழி இயந்திரம் வாங்கியதும் தொமிகோ சொன்னாள்: "குமிழியே கிருமியைக் கொன்னுடுமாம். இனிமே வாரத்துக்கு ஒருதரம் தண்ணி மாத்தினா போதும். உனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?"

"எனக்கென்ன அத்தை. நீங்கதானே முதல்ல இறங்கப்போறீங்க."

ஒரு மாதம் கழித்து, தொமிகோ இருமிக்கொண்டே தொட்டியில் அமிழ்ந்தாள்.

"இன்னும் கொஞ்சம் இருங்க அத்தை. ஆவி நெஞ்சுக்கு நல்லது."

சிஹாரு வெளியே வந்து, தான் வேலை பார்க்கும் நீர்ப் பரிசோதனைக்கூடத்தின் சென்ற மாத அறிக்கையைப் பிரித்தாள். அவள் கொண்டுபோய்க் கொடுத்த வீட்டுத் தொட்டி நீரில், ஆவியோடு நெஞ்சுக்குள் போகும் கிருமிகள் குமிழிக் காற்றால் நாற்பது மடங்கு பெருகியிருந்தன.

அந்த அறிக்கை வந்த நாளிலிருந்து அவள் குளிப்பது பரிசோதனைக்கூடத்தில்தான். கடைசி ஆள் தொட்டியில் இறங்கினாளா என்று அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.