பஞ்சு மாதிரி ஒரு பிரேக்

“இது மூணாவது தடவைங்ணா. ஒரு பிரேக்கைச் சரி பண்ணத் தெரியல, உங்களுக்கெல்லாம் எதுக்கு ஷெட்டு?”

செந்தில்நாதன் வேண்டுமென்றேதான் சத்தமாகக் கேட்டான். மெக்கானிக் குழந்தைசாமியின் காதில் விழுவதற்காக இல்லை. பின்னால் நின்ற டிராவல்ஸ் மேனேஜர் நஞ்சுண்டசாமியின் காதில் விழுவதற்காக.

காலையில் அவன் மைசூர் ஹெப்பாளில் இருக்கிற ஐடி கம்பெனிக்கு நாலு பெண்களை ஏற்றிப் போனபோது, சிக்னலில் நின்ற பஸ்ஸில் மோத ஒரு சாண்தான் பாக்கி. வண்டியிலிருந்து இறங்கின கையோடு அவர்களில் ஒருத்தி டிராவல்ஸுக்குப் போன் போட்டுவிட்டாள்.

மேனேஜர் தானே கிளம்பி வந்து முன்சீட்டில் ஏறிக்கொண்டார். ஷெட்டுக்கு வரும் வழியில் கன்னடத்தில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். கோளாறு வண்டியில் என்றால் சரி பண்ணிக்கொள்ளலாம், உன்னிடம் என்றால் இன்றோடு சாவியைக் கொடுத்துவிட்டுப் போ, மைசூரில் வேறு எவனும் உன்னை வண்டி தொட விடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நாற்பத்தெட்டு வயதில் சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவது? சொந்த ஊர் ஹனூரில் இருந்த காணி எப்போதோ கைவிட்டுப் போயாயிற்று. ஸ்டியரிங்கைத் தவிர அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அதனால் கோளாறு வண்டியில்தான் இருந்தாக வேண்டும்.

இரண்டு மாதமாகவே பெடல் பஞ்சு மாதிரிதான் இருந்தது. மிதித்தால் மிதித்த மாதிரியே தெரியாது. முதல் தடவை குழந்தைசாமி பிரேக் பேடை மாற்றினார். அடுத்த தடவை பிரேக் ஆயிலை மாற்றி, லைனில் இருந்த காற்றையும் எடுத்தார். இரண்டு தடவையும் தானே ஓட்டிப் பார்த்துவிட்டு, அடிச்ச இடத்துல நிக்குதேப்பா என்றார். செந்தில்நாதன் ஏறி உட்கார்ந்ததும் பழையபடி பஞ்சு. இந்த ஆள் ஏமாற்றுகிறார் என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

இன்றைக்கும் குழந்தைசாமி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தார். குனிந்தார். எதையோ தொட்டு, விரலோடு விரலைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு செந்தில்நாதனின் கால்களைப் பார்த்தார். அவன் வெறுங்காலோடு நின்றான். சோறு போடுகிற வண்டியைச் செருப்புக் காலால் மிதிப்பதில்லை என்பது அவனுடைய இருபது வருஷப் பழக்கம்.

அவர் ஒரு பழந்துணியை எடுத்துப் பெடலை அழுத்தித் துடைத்தார்.

ஆயில் ஒழுகுகிறது, மறைக்கப் பார்க்கிறார் என்று செந்தில்நாதனுக்குப் பட்டது. “என்னத்தத் தொடைக்கறீங்க? மேனேஜரும் பாக்கட்டும்.”

குழந்தைசாமி துணியைச் சுருட்டிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு மேனேஜரிடம் போனார்.

“தப்பு நந்தே சார்,” என்று கன்னடத்தில் தன் தப்புதான் என்று ஒத்துக்கொண்டார்.

லைனில் காற்று நின்றுவிட்டது, நான்தான் சரியாக எடுக்கவில்லை, டிரைவர் மேல் ஒரு குற்றமும் கிடையாது என்றார். நஞ்சுண்டசாமி ஆடித் தீர்த்துவிட்டார். நாலு பெண் பிள்ளைகளின் உயிர் உனக்கு விளையாட்டா என்றார். டிராவல்ஸின் பதினாலு வண்டியும் இனி இந்த ஷெட்டுப் பக்கம் வராது என்றார். செந்தில்நாதனிடம் திரும்பி, நாளையிலிருந்து வேறு வண்டியை எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

செந்தில்நாதனுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. “இதை அன்னைக்கே ஒத்துக்கிட்டிருக்கலாமில்லீங்ணா?” என்றான்.

“உக்காரு,” என்று ஸ்டூலைக் காட்டினார் குழந்தைசாமி. “பிரேக்ல ஒண்ணும் இல்ல. காத்தும் இல்ல, கோளாறும் இல்ல.”

“பின்னே எதுக்கு உங்க தப்புன்னு சொன்னீங்க?”

“அந்தாள் முன்னாடி வேற என்ன சொல்லச் சொல்ற? போன தடவை வந்தப்ப, கால்லருந்து செருப்பு கழண்டதே தெரியாம ஒத்தச் செருப்போட நடந்து போன. நானும் அப்ப சிரிச்சேன். வீட்டுத் தரையில நடந்தாலும் பஞ்சு மாதிரிதான இருக்கு? அதுக்கும் நான்தான் காத்து எடுக்கணுமா?”

செந்தில்நாதனுக்கு அப்படித்தான் இருந்தது. சுகர் ஏறிக் கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வா என்று மனைவி லிங்கம்மா ஆறு மாதமாகக் கரடியாய்க் கத்துகிறாள். லீவு கிடைக்காது என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான்.

குழந்தைசாமி தரையில் உட்கார்ந்து அவனுடைய வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார். உள்ளங்காலில் அரை இஞ்ச் ஸ்க்ரூ ஒன்று தலைவரை இறங்கியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்திருந்தது.

“பெடல்ல தொடைச்சது ஆயில் இல்லப்பா.”

இந்தக் காலை நம்பித்தான் காலையில் நாலு பெண்கள் பின்னால் உட்கார்ந்து வந்தார்கள்.

“அந்தாள் உன்னைத் தொரத்திவிட்டா வாட்ச்மேன் வேலைக்குக்கூட எவனும் சேத்துக்க மாட்டான். நாளைக்கு நீயாப் போயி, கால் முடியலன்னு சொல்லிச் சாவியக் குடு. ஆபீஸ்ல போன் எடுக்கற வேலையாச்சும் கேட்டுப் பாரு. அதை விட்டுட்டு ஸ்டியரிங்கைத் தொட்டேன்னு வையி, நானே போயி உள்ளதைச் சொல்லிருவேன்.”

சொல்லிவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்தார்.

செந்தில்நாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணை இறுக்க மூடி, ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“மெதுவா எடுங்ணா. வலிக்கும்.”

பதிலே வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

குழந்தைசாமியின் உள்ளங்கையில் ஸ்க்ரூ கிடந்தது.

“எடுத்து நேரமாச்சுப்பா,” என்றார் அவர்.