சோற்றுக்கு ஒரு யூரோ

“படிக்க வாற பிள்ளையளிட்டச் சோத்துக்குக் காசு வாங்கினா…” ஒலிவாங்கியைப் பிடித்தபடி குணேஸ்வரி யோசித்தார். “பிறகு என்னவோ சொல்லுவார் என்ர மனுசன். வடிவா ஞாபகம் இல்லை. ஆனா பொருளாளரா இருந்த எட்டு வருசமும் ஒரு சதம் வாங்கேல்லை!”

கைதட்டல்.

ஜெர்மனியில் எர்லாங்கனுக்குப் பக்கத்தில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளியின் ஆண்டுக் கூட்டம் அது. மூன்று வருடங்களுக்கு முன் குணேஸ்வரியின் கணவர் இறந்தபின் பொருளாளராக வந்தவர் முருகேசு. வந்த மாதமே மதியச் சாப்பாட்டுக்குத் தட்டுக்கு ஒரு யூரோ என்று வைத்துவிட்டார்.

“இத்தாலி மந்திரி, பதில் சொல்லுங்கோ!” பின்வரிசையில் சிரிப்பு.

அந்தப் பட்டம் நிருபமாவால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இத்தாலிய நிதியமைச்சர் செல்லாவைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். மாவு அரைப்பதற்கும் விடாப்பிடியாக வரி வசூலித்தவர் என்று ஒருநாள் சாப்பாட்டு வரிசையில் சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து முருகேசு மந்திரி ஆனார். இந்த வருடம் பள்ளியின் கணக்கைத் தணிக்கை செய்தவளும் அவள்தான்.

முகுந்த் எழுந்தான். “பகிடியை விடுங்கோ. மண்டப வாடகை மூண்டு வருசமா இரட்டிப்பாக் காட்டியிருக்கு. அங்கையே நடன வகுப்பு வைக்கிற ரஞ்சினி அக்காட்டக் கேட்டன். வாடகை ஒரு சதமும் கூடேல்லையாம். மிச்சக் காசு எங்கை அண்ணை?”

சிரிப்பு நின்றது.

“கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ!” என்றார் குணேஸ்வரி.

முருகேசுவுக்குப் பக்கத்தில் இருந்த நிருபமா கோப்பைத் திறந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணா, மண்டபக்காரர் லெட்டர் இருக்கே. பழைய பாக்கிக்குத்தானே இவ்வளவும் போச்சு? கடைசித் தவணையும் போன வாரம் கட்டிட்டீங்க. நான் வாசிச்சிடறேன்.”

“பாக்கி வைச்சது ஆரெண்டும் அதில இருக்கு பிள்ளை.”

“இருக்கு. பழைய பொருளாளர் கையெழுத்தே இருக்கு.”

“அவன் களவெடுக்கேல்லை. வாடகைக் காசை எடுத்துப் பிள்ளையளுக்குச் சோறு போட்டவன். வெளியில சொல்ல ஏலாமப் போச்சு.”

“அதையும் சேர்த்துச் சொல்றேன்.”

முருகேசு முன்மேசையைக் காட்டினார். கூட்டக் குறிப்பை ஜெர்மனில் எழுதிக்கொண்டிருந்தாள் செயலாளர் கஜந்தி. குணேஸ்வரியின் மகள்.

நிருபமா கஜந்தியைப் பார்த்தாள்.

“உங்கட மந்திரிக்குக் கடைசியில என்ன நடந்தது?” என்று கேட்டார் முருகேசு.

“பதவி போச்சு. மூணு வருஷம் கழிச்சு பட்ஜெட் சரியாச்சு. அப்ப ஆட்சியில இருந்தது வேற ஆளுங்க.”

“பிறகு?”

“திரும்ப மந்திரியாகவே இல்லை.”

“ம்.”

“அண்ணை, நாங்கள் காத்துக்கொண்டு நிக்கிறம்!” முகுந்தின் குரல் உயர்ந்தது.

முருகேசு கடிதத்தைக் கோப்பிலிருந்து உருவி, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். எழுந்தார்.

“எழுதுங்கோ கஜந்தி. வாடகையில கூடுதலாக் காட்டின காசு முழுக்க மாசம் மாசம் நான் திருப்பிக் கட்டுறன். இண்டையோட பொறுப்பையும் விடுறன்.”