சிவப்புக்குச் சிவப்பு

புது ஸ்பீக்கர் செட்டில் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அதைக் காட்டி அசத்த வேண்டிய பெண் வீட்டார் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது.

"அண்ணா, ஒரு பெட்டியில மட்டும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் மாத்தி மாட்டியிருக்கே. அதான் ரெண்டும் சண்டை போட்டு, தொம் தொம்முனு வர்ற பாஸ் சத்தத்தைத் தின்னுடுது" என்றாள் தங்கை.

"டிகிரி வாங்கிட்டா எல்லாம் தெரிஞ்சிடுமா? போடி, போய் உன் வேலையைப் பாரு!"

அவள் தன் அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.

அண்ணன் அட்டைப்பெட்டியில் இருந்த உதவி எண்ணை அழைத்து, தேனாய்க் குழைந்த ஒரு பெண் குரலிடம் புலம்பினான்.

"ஆம்பிளிஃபயரை ஆஃப் பண்ணிட்டு, வலது பெட்டிக்குப் பின்னால பாருங்க சார். சிவப்பு ஒயர் கறுப்பு முனையில இருக்கா?"

"ஆமா மேடம்! நேர்ல பார்த்த மாதிரி சொல்றீங்களே!"

மாற்றி மாட்டி ஆன் செய்தான். தொம்மென்று விழுந்த அடியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் துள்ளிக் குதித்தான்.

"தெய்வம் மேடம் நீங்க! எங்க வீட்லயும் ஒண்ணு டிகிரி வாங்கிட்டு உட்கார்ந்திருக்கே, தண்டம்!"

சமையலறையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தாள்.

"நன்றி சார். சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைங்க. அடுத்து பேசுறவர் குரல் எனக்குக் கேட்கணும்."

அறைக்கதவு திறந்தது. தலையில் ஹெட்போனோடு தங்கை நின்றாள்.

"மூணு மாசமா வீட்லயிருந்தே இதான் என் வேலை. ரூமுக்குள்ள என்ன பண்றேன்னு நீ என்னைக்குக் கேட்டே? இப்ப உனக்கு ஒரு மெசேஜ் வரும். தண்டத்துக்கு அஞ்சு ஸ்டார் போடு!"