சிரிப்புக்கு விட்ட இடம்

முன்னோட்ட அரங்கின் கடைசி வரிசையில், படத்தைத் தொகுத்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறாள். திரையின் நீல ஒளி பார்வையாளர்களின் தலைகள்மீது படர்கிறது. குளிர்சாதனத்தின் முனகல் மட்டும் கேட்கிறது. பக்கத்தில் தயாரிப்பாளரான அவளுடைய அண்ணன், பாப்கார்ன் பொட்டலத்தைக் கசக்கியபடி முணுமுணுக்கிறார்: "ஜாம்பி காதலிச்சா எவன் சிரிப்பான்? அந்த இடத்துல திகில் மியூசிக்கப் போட்டு மூடுன்னேன், கேட்டியா? இன்னைக்குச் சிரிப்பு வரலேன்னா காதல் காட்சி மொத்தமும் வெட்டுதான்."

"வாய மூடிக்கிட்டுப் பாருண்ணே."

திரையில், அந்தஸ்து பேசிப் பெண் தர மறுத்த பெரியோரெல்லாம் அலறி ஓடிவிட்ட வீட்டுக்குள் ஜாம்பியாகிவிட்ட காதலன் நடைப்பிணமாய் நுழைகிறான். உயிரோடிருந்தவனுக்குத் திறவாத கதவு, செத்தவனுக்குத் திறந்து கிடக்கிறது! காதலியின் முன் மண்டியிட்டு, தன் விரலிலிருக்கும் மோதிரத்தைக் கழற்றுகிறான். மோதிரத்தோடு விரலும் வந்துவிடுகிறது. இங்கேதான் வசனமும் இசையுமின்றி, பார்ப்பவர் சிரிப்பதற்கென்றே அவள் வெற்றிடம் விட்டிருக்கிறாள். அரங்கு அசையவில்லை. அவளுடைய விரல்கள் இருக்கையின் கைப்பிடியை நெரிக்கின்றன. அப்போது முன்வரிசைப் பெண்ணொருத்தி 'களுக்'கென்கிறாள்; அது அடுத்தவரைத் தொற்றுகிறது, வரிசை தாண்டுகிறது, கூரையை அதிரவைக்கிறது. காதலி சொல்லும் "சம்மதம்" வெறும் உதட்டசைவாகவே தெரிகிறது.

"அடியே, முக்கியமான வசனமே கேக்கலையே!" என்று, தொந்தி குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்துகிறார் அண்ணன்.

"விட்ட இடம் பத்தலண்ணே, இன்னும் கொஞ்சம் நீட்டணும்" என்கிறாள் அவள். சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது.